கல்லுக்கிழவன் காலடியில் ஒரு சம்பந்தம்

கல்லுக்கிழவன் கண்ணில் பட்டதும் சுன்னிவா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மேட்டுவெளியின் விளிம்பில், கறுப்பாக, தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றான். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்மேல் கல்லாக அடுக்கிய, இரண்டாள் உயரக் குவியல்தான் அது. யார் அடுக்கியது என்று எவருக்கும் தெரியாது. பனிமான் வேட்டைக்கு வந்த தங்கள் முன்னோர், மந்தையை மிரட்டி ஏரிப் பக்கம் திருப்புவதற்காக நிறுத்தியது என்று கிழக்கே உவ்டால் பள்ளத்தாக்குக்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை, உப்புப் பொதி ஏற்றிப்போன எங்கள் ஆட்கள் மூடுபனியில் வழி தவறாமலிருக்க வைத்தது என்று மேற்கே ஹார்டாங்கர் கடலோரத்தார் சொல்வார்கள். இலையுதிர்காலம் வந்தால் இரண்டு பக்கத்தாரும் அதன் காலடியில்தான் கூடுவார்கள். உப்பும் கருவாடும் கிழக்கே போகும். பார்லியும் இரும்பும் மான்தோலும் மேற்கே வரும். யார் அடுக்கியது என்ற சண்டையும் கூடவே நடக்கும்.

இந்தத் தடவை சுன்னிவா உப்பு கொண்டுவரவில்லை. அவளே போகிறாள். மணப்பெண்ணாக.

"நிமிர்ந்து நட. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தூரத்துல இருந்தே பார்ப்பாங்க" என்றார் சித்தப்பா ஷூர். அவர் பிளாக்கென் என்ற குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதன் முதுகில் ஒரு பக்கம் சுன்னிவாவின் துணிப்பெட்டி. மறுபக்கம் செம்புக் கொப்பரையும், படுக்கைக்கு ஆட்டுத்தோல்களும்.

"முதுகு வலிக்குது சித்தப்பா. மூணு நாளா நடக்கிறோம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் வலிக்கப் போறதைவிட இது கம்மிதான்."

அவள் சிரித்தாள். அப்பா இறந்த பிறகு இந்தச் சித்தப்பாதான் அவளுக்கு எல்லாம். வீடும் நிலமும் அண்ணனுக்குப் போயிற்று. அண்ணன் மனைவி கெட்டவள் இல்லை, ஆனால் அடுப்படியில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் "யாரு எடுத்தது?" என்று கேட்பாள். இருபத்தேழு வயதில், பிறந்த வீட்டில், எதையும் தொடும் முன் ஒரு நிமிடம் யோசிக்கப் பழகியிருந்தாள் சுன்னிவா.

மாப்பிள்ளை எம்ப்ரிக்கை அவள் பார்த்ததெல்லாம் இந்தக் கல்லடியில்தான். மூன்று இலையுதிர்காலம். முதல் வருஷம் பார்லி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "இது உப்பா, கடற்கரை மணலா?" என்று கேட்டான். "நக்கிப் பாரு, தெரியும்" என்றாள். இரண்டாம் வருஷம் இரண்டு பேரும் கல்லுக்குப் பின்னால் இருந்த கற்குடிலின் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். மூன்றாம் வருஷம் பெரியவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆகஸ்டு கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் கல்லுக்கிழவன்வரை வந்து பெண்ணை அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இந்த மலையில் அதுதான் வழக்கம். பெண் வீட்டார் பாதி வழி கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து பிள்ளை வீட்டார் பொறுப்பு.

கல்லடியை அடைந்தபோது அங்கே இரண்டே பேர்தான் இருந்தார்கள். பிடில் வாசிப்பவன் இல்லை, உறவுக்கூட்டம் இல்லை. ஒரு குதிரை. பக்கத்தில் கறுப்புச் சால்வையைத் தலையோடு இழுத்துக் கட்டியிருந்த எம்ப்ரிக்கின் அம்மா ஆகோத். கொஞ்சம் தள்ளி, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனுடைய தம்பி கித்தில்.

சுன்னிவா இருவரையும் பார்த்தாள். பிறகு அவர்களுக்குப் பின்னால் நீண்டு கிடந்த வெறும் வெளியைப் பார்த்தாள்.

"வாம்மா" என்றாள் ஆகோத். "முதல்ல காப்பி குடிப்போம். குளிர்ல வந்திருக்கீங்க."

"மாப்பிள்ளை எங்கே சம்பந்தி?" என்று கேட்டார் ஷூர்.

"காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்."

கல்லுக்கிழவனுக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது கற்குடில். வேட்டைக்காரரும் வியாபாரிகளும் தங்குவதற்காக யாரோ எப்போதோ கட்டியது. குனிந்துதான் நுழைய வேண்டும். கித்தில் குட்டைப் புதர்க் கட்டைகளை ஒடித்துத் தீ மூட்டினான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் அவளைக் கண்டதும், "இப்பவே அண்ணின்னு கூப்பிட்டுப் பழகிக்கிறேன். அப்புறம் கல்யாணத்தன்னிக்குத் தடுமாற மாட்டேன்" என்று கேலி செய்தவன் அவன்தான்.

காப்பி கொதித்தது. தட்டை ரொட்டியும் உப்பு போட்ட ஆட்டுக்கறியும் எடுத்து வைத்தார்கள். யாரும் தொடவில்லை.

"போயிட்டான்" என்றாள் ஆகோத், தீயைப் பார்த்தபடி. "ஈஸ்டர் முடிஞ்ச கையோட. அமெரிக்காவுக்கு."

"போயிட்டான்னா? எப்ப வருவான்?" என்றார் ஷூர்.

"அமெரிக்காவுக்குப் போனவங்க எப்ப வந்திருக்காங்க? எங்க பள்ளத்தாக்குல இருந்து பாதிப் பேர் போயாச்சு. ஒருத்தன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

"இவளுக்கு என்ன சொல்லிட்டுப் போனான்?"

ஆகோத் இப்போது சுன்னிவாவின் முகத்தைப் பார்த்தாள். "காத்திருக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னான்."

சுன்னிவா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று பார்க்காமல் வைத்ததால் அது சரிந்து காப்பி மண்ணில் ஓடியது. எம்ப்ரிக் குடில் வாசலில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. உங்க கடலுக்கு எவ்வளவு பெரிய கப்பல் வரும்? அதுல போனா எந்த ஊர்ல இறங்கலாம்? காசு இல்லாதவனைக் கப்பல்ல வேலைக்குச் சேர்ப்பாங்களா? தன் ஊரைப் பற்றி அறிந்துகொள்ள ஆசைப்படுகிறான், தன்மேல் உள்ள ஆசைதான் அப்படிச் சுற்றி வருகிறது என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். ஒவ்வொரு கப்பலையும் எவ்வளவு ஆசையாக விவரித்தாள்! அவன் கண்கள் மின்னியது கப்பலுக்காகத்தான்.

ஷூர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ஈஸ்டர்ல போயிருக்கான். ஜூலையில பனி உருகினதும் உங்க பக்கத்து வேட்டைக்காரங்க எங்க ஊருக்கு வந்தாங்க. எங்க வீட்டுலதான் சாப்பிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டோம்!"

"அதான் சொல்லலை."

ஆகோத் சால்வையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் பேச்சில் வெட்கமும் இல்லை, சண்டைக்கு இழுக்கும் தொனியும் இல்லை.

"நான் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாதவ. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி நாலு வருஷம் ஆச்சு. மூத்தவனும் போயிட்டான். வீட்டுல இருபது மாடு. எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது. உங்க பொண்ணை மூணு வருஷமா இந்தக் கல்லடியில பார்த்திருக்கேன். மூட்டை தூக்குறதைப் பார்த்திருக்கேன், பேரம் பேசுறதைப் பார்த்திருக்கேன். இவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைக்க மாட்டா. கல்யாணத்துக்குப் பீர் காய்ச்சியாச்சு. பாதிரியார்கிட்ட நாள் குறிச்சாச்சு. இதோ, இவன் இருக்கான்." மோவாயால் கித்திலைக் காட்டினாள். "அண்ணனைவிட நல்ல வேட்டைக்காரன். குடிக்க மாட்டான். மாதாகோயில்ல பேரை மட்டும் மாத்திப் படிக்கச் சொன்னாப் போதும்."

கித்தில் தன் பூட்சு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஷூர் எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை கூரைக் கல்லில் மோதியது. அந்த வலியும் சேர்ந்துகொண்டது. "இது என்ன, நனைஞ்ச உப்பு மூட்டைக்குப் பதிலா வேற மூட்டை எடுத்துக்குறதுன்னு நினைச்சீங்களா? பொண்ணும்மா இது! சுன்னிவா, கிளம்பு. நான் குதிரையைப் பிடிச்சுட்டு வரேன். இந்த நிமிஷமே கிளம்புறோம்."

"சித்தப்பா, வெளியே மூட்டமா இருக்கு."

"என் மனசுல இருக்கிற மூட்டத்தைவிடவா?"

அவர் குனிந்து வெளியேறினார். பிளாக்கெனைச் சற்றுத் தொலைவில் புல் இருந்த ஓடைக்கரையில் மேயவிட்டிருந்தார்கள். அவருடைய கோபமான காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

மேட்டுவெளியில் மூடுபனி நடந்து வராது. ஒரேயடியாக வந்து உட்கார்ந்துவிடும். சுன்னிவா வெளியே வந்தபோது ஓடை இல்லை, குதிரை இல்லை, ஏரி இல்லை. கல்லுக்கிழவன் இடுப்புவரை மட்டுமே தெரிந்தான்.

"சித்தப்பா!"

குரல் பஞ்சில் குத்திய ஊசியாகப் போய் நின்றுவிட்டது. பதில் இல்லை. அவள் இரண்டடி முன்னால் வைத்தாள். கித்தில் வந்து குறுக்கே நின்றான்.

"நீங்க போகாதீங்க. ரெண்டு பேரைத் தேடுறதைவிட ஒருத்தரைத் தேடுறது சுலபம். இங்க சத்தம் கொடுக்க ஏதாவது இருக்கா?"

அவள் யோசித்தாள். பிறகு குடில் வாசலில் இறக்கிவைத்திருந்த சாமான்களிலிருந்து செம்புக் கொப்பரையை உருவினாள். அம்மாவுடையது, அதற்கு முன் பாட்டியுடையது. கல்லுக்கிழவன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கொப்பரையைக் கவிழ்த்துப் பிடித்து, இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். மூடுபனி அதிர்ந்தது.

"அதேதான். நிறுத்தாதீங்க. இது கேக்குற தூரத்துக்கு மேல நான் போக மாட்டேன்" என்றான் கித்தில். "கூப்பிட்டா கொண்டு வாங்க" என்று கயிற்றுச் சுருணையை அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனான். நாலு எட்டில் மறைந்தான். சற்றைக்கொரு தரம் "ஓய்!" என்று அவன் குரல் மட்டும் வந்தது. ஒருமுறை இடப்பக்கம், அடுத்தமுறை கொஞ்சம் வலப்பக்கம். விசிறி விரிவதுபோல் அவன் முறையாகத் தேடுகிறான் என்று சுன்னிவாவுக்குப் புரிந்தது.

அவள் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் கொப்பரையில் ஒரு சொட்டை விழுந்தது. முதலில் சித்தப்பாவை நினைத்து அடித்தாள். பிறகு எம்ப்ரிக்கை நினைத்து. அப்புறம் யாரையும் நினைக்காமல் அடித்தாள்.

ஆகோத் பக்கத்தில் வந்து நின்றாள். "கொடு. கை மாத்து. தோள்பட்டை விட்டுப்போகும்."

சுன்னிவா கொடுக்கவில்லை.

"உன் கோபம் நியாயம்தான்" என்றாள் கிழவி. "ஆனா கித்தில் அவரைக் கண்டுபிடிச்சுருவான். மலையில தொலையுற பிள்ளை இல்லை அவன். வீட்டுலதான் தொலைஞ்சு போய் நிக்கிறான். சாப்பிட உட்காருவான், கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பார்ப்பான். என்னத்தைத்தான் பார்ப்பானோ."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"என்ன தெரியும்? ஓடை தெரியும். கூலிக்காரன் குடிசை ஒண்ணு தெரியும்." சொல்லிவிட்டு ஆகோத் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது குரல் வந்தது. தெளிவாக, ஒரே இடத்திலிருந்து. "கிடைச்சுட்டாரு! அண்ணி, கயிறு! கயிறு எடுத்துட்டு என் குரல் வர்ற பக்கமா வாங்க!"

சுன்னிவா கொப்பரையையும் கரண்டியையும் ஆகோத்தின் கைகளில் திணித்தாள். "நிறுத்தாதீங்க அத்தை." தன் வாயில் அந்தச் சொல் பழக்கமாக வந்ததை அவள் கவனித்தாள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

பின்னால் கொப்பரைச் சத்தம், முன்னால் கித்திலின் குரல். இரண்டுக்கும் நடுவே, கால் வைக்கும் இடம் மட்டும் தெரிய நடந்தாள். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கித்தில்மேல் கிட்டத்தட்ட மோதிவிட்டாள்.

அவன் காலடியில் ஒரு பழைய மான்குழி. வேட்டைக்காரர்கள் எந்தக் காலத்திலோ கல் பதித்து ஆழமாகத் தோண்டி, மேலே கிளை பரப்பி வைத்தது. இப்போது பாசியும் குட்டைப் புதரும் வாயை மூடியிருந்தன. அடியில், சேற்றில், ஷூர் உட்கார்ந்திருந்தார்.

"அடிபட்டுருச்சா சித்தப்பா?"

"கணுக்கால் போச்சு. மானம் அதுக்கு முன்னாடியே போச்சு. இவங்க முப்பாட்டன் தோண்டின குழியில கடைசியா விழுந்த மான் நான்தான் போலிருக்கு."

"கொம்பு மட்டும் இல்லை. மத்தபடி பொருத்தமாத்தான் இருக்கீங்க" என்றான் கித்தில்.

"ஏறி வந்ததும் உன்னை உதைக்கிறேன்டா."

"கால் சரியாகட்டும்."

கயிற்றை இறக்கினார்கள். ஷூர் அக்குளுக்கடியில் கட்டிக்கொண்டார். அவர் கனத்த ஆள். குழியின் சுவர்க் கல்லோ வழவழவென்று இருந்தது. இரண்டு தரம் பாதிவரை வந்து சறுக்கினார். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, கயிற்றை இடுப்பில் சுற்றிப் பிடித்தபடியே கித்தில் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அம்மா என்னைக் கேட்கலை. குதிரையில சேணம் போடுறப்போதான் சொன்னாங்க. உங்ககிட்ட எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா..."

"குடிசையில யாரு?" என்று கேட்டாள் சுன்னிவா.

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"உங்க ஜன்னல்ல தெரியுதே, அந்தக் குடிசையில."

"ரன்னவ்" என்றான். "எங்க கூலிக்காரர் மக. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா மாடு மேய்ச்சவங்க. அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க. கூலிக்காரன் வீட்டுல சம்பந்தம் பண்ணினா மாதாகோயில்ல தன் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு."

"இதை ஏன் அவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லலை?"

"மான் நூறடியில நின்னாக்கூட எனக்குக் கை நடுங்காது அண்ணி. அம்மா முன்னாடி நின்னா நாக்கு எழும்ப மாட்டேங்குது."

குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கல்யாணப் பேச்சு முடிஞ்சா என்னைத் தூக்குறீங்களா? இங்க தண்ணி ஊறுது."

மூன்றாம் முறை தூக்கிவிட்டார்கள். ஷூரின் ஒரு கை கித்திலின் தோளில், மறு கை சுன்னிவாவின் தோளில். கொப்பரைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூவரும் திரும்பினார்கள். நிறுத்தாமல் அடித்ததில் ஆகோத்தின் முகம் வேர்த்திருந்தது. அவர்களைக் கண்டதும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே கல்லுக்கிழவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

குதிரை தானாகவே வந்து சேர்ந்தது. மூடுபனியோ விலகவில்லை, கூடவே பனித்தூறலும் பிடித்துக்கொண்டது. அன்று நகர முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஷூரின் கணுக்கால் பூட்சைக் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. கித்தில் பூட்சின் தோலைக் கத்தியால் கிழித்துத்தான் எடுத்தான். ஆகோத் தன் சால்வையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, குளிர்ந்த நீரில் நனைத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும், "இறுக்கமா இருக்கா?" என்றாள். "இருக்கு. இருக்கட்டும்" என்றார் ஷூர்.

பிறகு அவரே சொன்னார்: "மேற்கே இறங்க முடியாது. பள்ளத்தாக்கு இறக்கம் முழுக்கப் படிக்கட்டு. ஆரோக்கியமா இருக்கிறவனே தவழ்ந்துதான் இறங்கணும். குதிரைமேல என்னை வெச்சு இறக்கினா குதிரையும் நானும் சேர்ந்துதான் போய்ச் சேருவோம்."

"கிழக்கே சரிவுதான்" என்றாள் ஆகோத். "குதிரையிலேயே வீட்டு வாசல்வரைக்கும் வரலாம்." அதில் தன் பக்கம் ஏதோ ஜெயித்துவிட்ட சாயல் வந்துவிட்டதோ என்று அஞ்சியவள் போல உடனே சேர்த்தாள்: "கால் குணமாகிற வரைக்கும் இருங்க. வேற எதையும் நான் கேட்கலை."

"கேட்டுட்டீங்களே அத்தை" என்றாள் சுன்னிவா. "அதுக்குப் பதில் சொல்லணும் இல்லையா?"

கித்தில் எழுந்து வெளியே போகப் பார்த்தான். "நீங்களும் உட்காருங்க" என்றாள் சுன்னிவா. உட்கார்ந்தான்.

சுன்னிவா தீயில் ஒரு கட்டையைத் தள்ளினாள். குழியிலிருந்து வந்த வழியெல்லாம் அவள் மனத்தில் ஒரு வீடு கலைந்துகொண்டிருந்தது. மூன்று வருஷமாக, கண்ணால் பார்க்காத ஓர் அடுப்படியில் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருந்தாள், யாரும் "யாரு எடுத்தது?" என்று கேட்காத அடுப்படி. எம்ப்ரிக்கைவிட அந்த அடுப்படியைத்தான் அதிகம் நேசித்தோமோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது. அப்படியானால் கிழவி சொல்வதற்குத் தலையாட்டிவிடலாமே. அடுப்படி அதே அடுப்படிதான். அந்த எண்ணம் வந்து, அவளிடம் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனது.

"உங்க பீர் வீணாக வேண்டாம்" என்றாள். "நான் உங்க வீட்டுக்கு வரேன். விருந்தாளியா. கல்யாணமும் நடக்கட்டும். ஆனா பொண்ணு நான் இல்லை. ரன்னவ்."

ஆகோத்தின் தலை சடாரென்று மகன் பக்கம் திரும்பியது. கித்தில் இந்தத் தடவை பூட்சைப் பார்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தாலும் அம்மாவின் கண்ணைப் பார்த்தபடியே இருந்தான்.

"ஆமாம்மா" என்றான்.

"கூலிக்காரன் மகளா? நம்ம வயல்ல களை பிடுங்குறவளா என் சாவிக்கொத்தை வாங்கிக்கிறது?"

"களை பிடுங்கத் தெரிஞ்சவ வந்தா வயலுக்கு நல்லதுதானே" என்றார் ஷூர் படுத்த இடத்திலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குக் கால்தான் சுளுக்கியிருக்கு, வாய் இல்லைன்னு தெரியுது." ஆகோத் சுன்னிவாவிடம் திரும்பினாள். "அம்மாடி, நீ சின்னப்பொண்ணு. இந்த ஆசையெல்லாம் நாலு குளிர்காலத்துல அடங்கிரும். நீ இவனைக் கட்டிக்கிட்டா நல்லா இருப்பே. இவனும் நல்லா இருப்பான்."

"நான் இவரைக் கட்டிக்கிட்டா என்ன நடக்கும்னு சொல்லட்டுமா? நான் வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பேன், எம்ப்ரிக் வந்துர மாட்டானான்னு. இவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருப்பார். நீங்க எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ஒரே மேசையில சாப்பிடுவோம்."

"அப்படித்தான் நான் முப்பது வருஷம் சாப்பிட்டேன்" என்றாள் ஆகோத். குரல் உயரவில்லை. "செத்தா போயிட்டேன்?"

கித்தில் அம்மாவைப் பார்த்த பார்வையில், அவன் இதை முதன்முதலாகக் கேட்கிறான் என்று தெரிந்தது.

சொல்லவேண்டியது சுன்னிவாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லலாமா என்று ஒருமுறை யோசித்தாள். பிறகு, முடிந்தவரை மெதுவாக, "சாகலை அத்தை" என்றாள். "ஆனா அந்த மேசையில உங்க மூத்த பிள்ளையும்தானே கூட உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் ஏன் கடல் தாண்டிப் போனான்னு என்னைக்காவது யோசிச்சுப் பார்த்தீங்களா?"

ஷூர் கண்ணை மூடிக்கொண்டார். ஆகோத் தீயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மடியில் கிடந்த கைகள்தான், கிழிந்த சால்வையின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து எழுந்து, குனிந்து, வெளியே போனாள். கித்தில் பின்னால் போக எழுந்தான். சுன்னிவா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

திரும்பி வந்தபோது ஆகோத்தின் சால்வை நனைந்திருந்தது. கொப்பரையில் நீரை ஊற்றி, பார்லி மாவைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். நால்வரும் ஒரே பாத்திரத்தில் கரண்டி போட்டுச் சாப்பிட்டார்கள். வெண்ணெய்க் கட்டியைச் சுன்னிவாவின் பக்கம் தள்ளிவைத்தாள் கிழவி. அது சம்மதமா, வெறும் உபசாரமா என்று சுன்னிவாவுக்குத் தெரியவில்லை.

காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கிழக்கே போகும் தடத்தில், ஏரிக்கு அப்பால், மான்மந்தை ஒன்று மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கித்தில் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. ஷூரைப் பிளாக்கென்மேல் ஏற்றினார்கள். பெட்டியும் மூட்டையும் ஆகோத்தின் குதிரைக்கு மாறின; அதனால் ஆகோத் நடந்தாள். முழங்கால் மடங்காததால் ஒவ்வோர் ஓடையிலும் சுன்னிவா கை கொடுக்க வேண்டியிருந்தது. கிழவி கையைப் பற்றிக்கொள்வாள். கரை ஏறியதும் விட்டுவிடுவாள். வழி நெடுக அவள் பேசியது புல்லைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் மட்டும்தான். இரண்டாம் நாள் ஒரு மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது, "எம்ப்ரிக் சின்னப் பையனா இருக்கும்போது ரொம்பப் பேசுவான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டுல யாரும் பதில் பேச மாட்டோம்" என்றாள். அவ்வளவுதான்.

மரங்கள் தொடங்கின. முதலில் இடுப்பளவு, பிறகு தலைக்கு மேல். பள்ளத்தாக்கு கீழே விரிந்தது. ஆறும், அறுத்துக் காயப்போட்ட வைக்கோல் வரிசைகளும், தார் பூசிய மாதாகோயிலும் தெரிந்தன. தடம் ஓர் ஓடையைத் தாண்டும் இடத்தில், புல்வேய்ந்த கூரையோடு ஒரு சின்னக் குடிசை. அதற்குக் கீழே, நாலு வயல் தள்ளி, ஆகோத்தின் பெரிய வீடு. முற்றத்தில் சனங்கள் நடமாடுவது தெரிந்தது. கல்யாண விருந்தாளிகள்.

கித்தில் குடிசையைப் பார்க்காமல், குதிரையின் காதுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டு நடந்தான்.

குடிசைக்கு எதிரே வந்ததும் ஆகோத் நின்றாள். தலைச் சால்வையை அவிழ்த்து, கிழிந்த ஓரம் உள்ளே போகும்படி மடித்து மறுபடி கட்டிக்கொண்டாள். "குதிரையை நிறுத்து" என்றாள். தடத்திலிருந்து இறங்கி, ஓடைப் பாலத்தைக் கடந்து, ஈரப் புல்லில் நடந்து, குடிசைக் கதவுக்கு முன் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் பெரிய வீட்டு எஜமானி கூலிக்காரன் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று கூப்பிடுவாள், உள்ளிருப்பவர்கள் ஓடி வருவார்கள்.

ஆகோத் கையை உயர்த்திக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் கைகளெல்லாம் மாவாக இருந்தாள். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. வாசலில் எஜமானியையும், தடத்தில் கித்திலையும், அவன் பக்கத்தில் அந்நியப் பெண் ஒருத்தியையும் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் முகம் தீர்மானித்ததைச் சுன்னிவா அங்கிருந்தே கண்டாள்.

"பீர் காய்ச்சியிருக்கேன்" என்றாள் ஆகோத். இருமினாள். "ரொம்ப நாள் வெச்சா புளிச்சுரும். உங்கப்பா வீட்டுல இருக்காரா? உள்ள வரலாமா?"

ரன்னவ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆகோத் குனிந்து உள்ளே போனாள்.

கித்தில் ஓடையைத் தாண்டி ஓடினான். பாலத்தில் ஓடவில்லை, தண்ணீரிலேயே ஓடினான். குதிரைமேலிருந்து ஷூர், "பாலம் எதுக்குடா கட்டி வெச்சிருக்கு!" என்று கத்தினார்.

சுன்னிவா பிளாக்கெனின் கழுத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். கல்லடியில் வராத அழுகை இப்போதுதான் வந்தது. சித்தப்பா மேலிருந்து கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

கல்யாணத்தில் அவள் ஆடினாள். கால் குணமான பிறகு, முதல் பனி விழுவதற்கு முன், சித்தப்பாவும் அவளும் திரும்பினார்கள். ஆகோத் இரண்டு மூட்டை விதைப் பார்லி கொடுத்தனுப்பினாள். சாவிக்கொத்தை மட்டும் இன்னும் இரண்டு வருஷம் யாரிடமும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் ஷூரின் கால் மலைக்கு ஒத்துவராததால், உப்புக் குதிரைகளைச் சுன்னிவாவே ஓட்டிப் போனாள். அந்த வருமானத்தில் கடலோரம் தனியாக ஒரு சிறு வீடு எடுத்துக்கொண்டாள். அதன் அடுப்படியில் சாமான்களை அவள் இஷ்டத்துக்கு வைத்தாள். எம்ப்ரிக்கிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து யாரோ எழுதியதாக ஒருமுறை ஊரில் பேசிக்கொண்டார்கள்: அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாம், அடுக்குவதற்கு ஒரு கல்கூடக் கிடைக்காதாம். அன்று முழுவதும் சுன்னிவாவுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது.